குழந்தைகளோடு பெருநகரம் சுற்ற: காலையில் மியூசியம், பிறகு பூங்கா

பெருநகரத்தில் குடும்பத்தோடு ஒரு நாள் சுற்றக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இடங்களைத்தான் எண்ணுகிறார்கள். காலையில் பூங்கா, மதியம் மியூசியம், மாலையில் மிருகக்காட்சிசாலை, இருட்டியதும் கோளரங்கம் என்று பட்டியல் நீளும். எண்ண வேண்டியது, கூட வருகிறவர்களில் ஆகச் சின்னக் கால்கள் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை. உள்ளே போய்ப் பார்க்கிற இடம் ஒன்று, வெளியே ஓடி விளையாடுகிற இடம் ஒன்று. ஒரு நாளைக்கு அது போதும். அதற்கு மேல் போனால் கடைசி இடத்தில் அழுகைதான் மிஞ்சும். அழுவது குழந்தை மட்டுமாகவும் இருக்காது.

இரண்டில் மியூசியம்தான் முதலில். பூங்காவில் ஓடிக் களைத்த பிள்ளை கண்ணாடிப் பெட்டி முன்னால் நிற்காது. பள்ளிப் பேருந்துகள் வந்து இறங்கும் முன், கதவு திறந்த முதல் ஒரு மணி நேரம் கூட்டமும் குறைவு. மிருகக்காட்சிசாலை போகிற நாளில் மட்டும் கணக்கு மாறும். சிங்கம் ஒரு நாளில் 20 மணி நேரம் வரை படுத்தே கிடக்கும். வெயில் ஏறிவிட்டால் பெரும்பாலான விலங்குகள் நிழலில் ஒதுங்கிவிடும். அன்றைக்குக் காலை நேரத்தை அங்கே கொடுத்துவிட்டு மியூசியத்தை இன்னொரு நாளுக்குத் தள்ளுங்கள்.

மியூசியத்தில் கால் வலிப்பது நடப்பதால் மட்டும் இல்லை. பாஸ்டன் நுண்கலை மியூசியத்தில் செயலாளராக இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916-லேயே இந்தக் களைப்பைப் பற்றி எழுதினார். ஒரு மனிதரை ஒவ்வொரு பெட்டி முன்னாலும் நிறுத்தி, அதில் இருப்பதைப் பார்க்க அவர் எப்படிக் குனிகிறார், எப்படி மண்டியிடுகிறார் என்று படம் பிடித்தார். பொருள் மிகத் தாழ்வாகவோ மிக உயரமாகவோ இருக்கும், விளக்கச்சீட்டின் எழுத்து பொடியாக இருக்கும். உடம்புதான் வளைந்து கொடுக்க வேண்டும். குழந்தையோடு போனால் இது இரட்டிப்பு. சீட்டு அதன் தலைக்கு மேலே, கண்ணாடியில் விளக்கின் பளபளப்பு, ஒவ்வொரு தடவையும் நாம் தூக்கிக் காட்ட வேண்டும். முதுகு போவது அங்கேதான்.

ஆகவே இரண்டே கூடங்கள். எவை என்பதைத் தளவரைபடம் பார்த்து முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை உட்காருங்கள். 'எல்லாவற்றையும் பார்' என்றால் பிள்ளை எதையும் பார்க்காது. 'இந்தக் கூடத்தில் எத்தனை ஓவியத்தில் நாய் இருக்கிறது?' என்று கேட்டுப் பாருங்கள், உங்களை இழுத்துக்கொண்டு ஓடும். இன்னொன்று: அமெரிக்க மியூசியங்களில் பார்வையாளர்களைக் கவனித்து 1935-இல் எழுதிய ஆர்தர் மெல்டன், உள்ளே வருகிறவர்களில் பெரும்பாலோர் வலப்பக்கம் திரும்புவதைக் கண்டார். நுழைந்ததும் இடப்பக்கமாகவோ கடைசிக் கூடத்துக்கோ போய், அங்கிருந்து வாசலை நோக்கிப் பார்த்துக்கொண்டு வந்தால் நெரிசல் குறையும்.

துணிகள், நீர்வண்ண ஓவியங்கள், சுவடிகள் உள்ள அறைகள் இருட்டாக இருப்பது கஞ்சத்தனம் இல்லை. அவற்றின் மேல் விழும் ஒளியைச் சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில் நிறுத்துவது வழக்கம். ஒளியால் வெளுத்த நிறம் திரும்பாது. வெளி வெயிலிலிருந்து நேராக அங்கே போனால் சின்னக் குழந்தை பயந்து சிணுங்கும். வாசலிலேயே சில நிமிடம் நின்று கண் பழகிய பிறகு உள்ளே போங்கள். பெரிய முதுகுப்பை, செல்ஃபி குச்சி, கேமரா முக்காலி மூன்றையும் பல இடங்களில் வாசலிலேயே தடுத்துவிடுவார்கள்.

விடுமுறை நாளைத் தனியாகப் பாருங்கள். பல நாடுகளில் மியூசியங்களுக்குத் திங்கள் விடுமுறை, பாரிஸின் லூவருக்கோ செவ்வாய். 'மாலை 5 மணி வரை' என்று போட்டிருந்தாலும் கடைசி நுழைவு பெரும்பாலும் அரை மணி அல்லது ஒரு மணி நேரம் முன்னதாகவே முடிந்துவிடும். இலவச நாள் என்றால் வரிசையும் சேர்த்துத்தான் இலவசம். வாடிகன் மியூசியங்களில் மாதத்தின் கடைசி ஞாயிறு இலவசம். கைக்குழந்தையோடு அன்றைக்குப் போகாமல் இருப்பதே நல்லது. பல இடங்களுக்கும் சேர்த்து விற்கும் நகரப் பாஸ் வாங்கும் முன், நிஜமாகப் போகப்போகும் இடங்களின் கட்டணத்தை மட்டும் கூட்டிப் பாருங்கள். பாஸ் முதல் ஸ்கேனிலிருந்து 24 மணி நேரமா, நள்ளிரவோடு முடிகிற ஒரு நாளா என்பதையும் கேளுங்கள். இரண்டாவது வகையை மதியம் தொடங்கினால் பாதிப் பணம் போச்சு.

பூங்காவில் முதல் வேலை கழிப்பறை எங்கே என்று பார்ப்பது. இரண்டாவது, சறுக்குமரத்தைத் தொட்டுப் பார்ப்பது. உலோகச் சறுக்கும் கருப்பு ரப்பர் தரையும் வெயிலில் சுட்டுப் பொசுக்கும். புறங்கையை ஐந்து விநாடி வைக்க முடியவில்லை என்றால் பிள்ளையை ஏற்றாதீர்கள்.

பெரிய பூங்காக்களில் திசை தப்புவது சுலபம். நியூயார்க் சென்ட்ரல் பார்க் 843 ஏக்கர். அங்கே விளக்குக்கம்பம் ஒவ்வொன்றிலும் சின்னத் தகடு ஒன்று உண்டு. அதில் 7412 என்று இருந்தால், பக்கத்தில் இருப்பது 74-ஆம் தெரு. கடைசி இலக்கம் இரட்டைப்படை என்பதால் நீங்கள் நிற்பது பூங்காவின் கிழக்குப் பாதி. ஒற்றைப்படை என்றால் மேற்கு. வேறு எந்தப் பூங்காவானாலும் நுழைந்த வாயிலின் பெயர்ப்பலகையைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது குழந்தையையும் தலை முதல் கால் வரை ஒரு படம் எடுங்கள். தொலைந்த பதற்றத்தில் என்ன நிறச் சட்டை என்பதே மறந்துபோகும். 'எங்களைக் காணவில்லை என்றால் நின்ற இடத்திலேயே நில், சீருடை போட்டவரைக் கூப்பிடு' என்று சொல்லி, திருப்பிச் சொல்லவும் வையுங்கள். போன் எண்ணை மணிக்கட்டில் பேனாவால் எழுதினால் வியர்வையில் மதியத்துக்குள் அழிந்துவிடும். எழுதியதன் மேல் ஒளிபுகும் பிளாஸ்டரை ஒட்டிவிட்டால் மாலை வரை நிற்கும்.