கானாடுகாத்தானில் மழைத்தண்ணீர் போன வழி

காரைக்குடி பஸ் ஸ்டாண்டு வாசலில் ஆட்டோக்காரர் 700 ரூபாய் கேட்டார். கானாடுகாத்தானுக்கு 15 கிலோமீட்டர் தூரம்தான். "மழை சார், திரும்பி வர சவாரி கிடைக்காது" என்றார். ரெண்டு பேருக்கு ரெண்டு நாளைக்கு நான் ஒதுக்கியிருந்ததே 4,000 ரூபாய். அதில் 700-ஐ ஆட்டோவுக்குக் கொடுக்க மனசு வரவில்லை. அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டார். அவருக்கு டிக்கெட் கிடையாது, எனக்குச் சில்லறைதான். பணம் மிச்சமானது, ஆனால் அந்த பஸ் படுமோசம். ஜன்னல் ஷட்டர் பாதியில் சிக்கி நின்றது. கூரை ஒழுகி என் தொடை முழுக்க நனைந்தது. கண்டக்டரிடம் சொன்னால், "அந்தப் பக்கம் தள்ளி உட்காருங்க" என்றார். அந்தப் பக்கமும் ஒழுகியது.

எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அதெல்லாம் அப்புறம். அங்கே பார்த்த ஒன்றை முதலில் சொல்லியாக வேண்டும்.

நாங்கள் குன்னூர்க்காரர்கள். அம்மா பிறந்தது கேத்தி பள்ளத்தாக்கில். எங்கள் வீட்டில் மழையை யாரும் ரசிப்பதில்லை. 1993 நவம்பரில் மரப்பாலத்தில் ரோடே அடித்துக்கொண்டு போனதை அம்மா இன்னும் சொல்வார். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது நாங்கள் பள்ளிக்கூட வராந்தாவில் படுத்திருந்தோம். நீலகிரியில் 40 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். கானாடுகாத்தான் இருக்கிற சிவகங்கை மாவட்டத்துக்கு வருஷம் முழுக்கக் கிடைக்கிற மழையே சராசரியாக 90 சென்டிமீட்டர்தான்.

அதனால் கானாடுகாத்தானில் இறங்கியதும் அம்மா அந்தப் பெரிய வீடுகளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தெருவோர வாய்க்காலைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். "இந்தத் தண்ணி எங்கடா போகுது?" என்றார். சரி, பார்ப்போம் என்று அது போன வழியே நாங்களும் நடந்தோம். நூல் பிடித்த மாதிரி நேர்த் தெருக்கள், ஒன்றை ஒன்று சதுரமாக வெட்டுகின்றன. வேப்பிலையைச் சுமந்துகொண்டு போன தண்ணீர் தெருமுனையில் திரும்பியது, இன்னொரு வாய்க்காலோடு சேர்ந்தது, கடைசியில் ஊருணியில் விழுந்தது. எங்கேயும் தேங்கவில்லை, யார் வீட்டு வாசலிலும் ஏறவில்லை. படித்துறையில் துண்டைத் தலையில் போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர், "இது நெறைஞ்சா அடுத்ததுக்குப் போயிரும் தம்பி, அதுவும் நெறைஞ்சா கண்மாய்க்குப் போயிரும்" என்றார். அம்மா அந்த மழையில் பத்து நிமிஷம் அசையாமல் நின்றார்.

இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், பூம்புகாரிலிருந்து கடல் கோளுக்குப் பயந்து இந்த வறண்ட சீமைக்கு வந்தார்கள் என்பது அவர்களுடைய மரபுக் கதை. கதையோ நிஜமோ, தண்ணீருக்கு முதலில் வழி விட்டுவிட்டு மிச்சத்தில் வீடு கட்டியிருக்கிறார்கள். உள்ளே போய்ப் பார்க்க ஒரு வீட்டில் ஆளுக்கு 100 ரூபாய் வாங்கினார்கள். அதிகம்தான், ஆனாலும் கொடுக்கலாம். தெருவிலிருந்து ஏழெட்டுப் படி ஏறித்தான் திண்ணைக்கே போக முடிகிறது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று அடுத்த தெரு வரை நீள்கிற வீடு. வளவில் நாலு பக்கத்து ஓட்டுக் கூரையிலிருந்தும் தண்ணீர் இறங்கி முற்றத்தில் விழுந்தது. முற்றத்துக் கல்தளம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சாய்வு. மூலையில் ஒரு கல் துவாரம். அவ்வளவு தண்ணீரும் சத்தமில்லாமல் அதற்குள் இறங்கியது. பர்மா தேக்குத் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். நான் அந்தத் துவாரத்தை நாலு போட்டோ எடுத்தேன்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஒரு வீட்டின் பின்கட்டில் ஆச்சி ஒருவர் சொன்னவர்களுக்கு மட்டும் சமைத்துப் போடுகிறார். சோறு, உப்புக்கறி, வெண்டைக்காய் மண்டி, ரசம், கடைசியில் கவுனி அரிசி இனிப்பு. மண்டியின் புளிப்பும் சின்ன வெங்காயமும் இன்னும் நாக்கில் நிற்கின்றன. ஆளுக்கு 350 ரூபாய். எனக்கு அது பெரிய தொகை, இருந்தாலும் இன்னொரு தடவை போனால் அங்கேதான் சாப்பிடுவேன். "கூச்சப்படாம சாப்பிடுங்க" என்று மூன்றாவது தடவை மண்டி வைத்தார்.

சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபோது அம்மா மாமாவின் மனையைப் பற்றிப் பேச்செடுத்தார். மாமா ஊரில் 5 சென்ட் இடம் பார்த்திருக்கிறார். ஓடையோரம், சமமான இடம். சரிவை வெட்ட ஜேசிபி செலவு இல்லை, விலையும் குறைவு. நாங்கள் எல்லோருமே சந்தோஷப்பட்டோம். "மலையில அந்த இடம் மட்டும் ஏன்டா சமமா இருக்கு?" என்று அம்மா கேட்டார்.

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. பள்ளத்தாக்கில் ஓடையோரம், அதுவும் ஓடை மலையிலிருந்து இறங்கி விரிகிற இடத்தில் இருக்கிற சமதளம், பல இடங்களில் முன்பு எப்போதோ மேலிருந்து வந்த சரிவு கொண்டுவந்து போட்ட மண். ஒருமுறை வந்த வழியில் மறுமுறையும் வரலாம். பெருமழையில் மேலே மண் ஊறி, மண் துகள்களுக்கு நடுவே நீரின் அழுத்தம் ஏறி, பிடிப்பு விட்டுப்போகிறது. அப்புறம் மண்ணும் பாறையும் மரமும் கலந்த குழம்பு ஓடை வழியே இறங்குகிறது. மலையாளத்தில் உருள்பொட்டல் என்பார்கள். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடியில் லயங்களை, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, அப்படித்தான் மூடியது. 70 பேர், பெரும்பாலும் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். 2024 ஜூலை 30 விடியுமுன் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் போயின. 250 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த முண்டக்கையில் 1984-லேயே சரிவு நடந்திருக்கிறது. 2019-ல் பக்கத்துப் புத்துமலையில் 17 பேர் போனார்கள். மலை முன்கூட்டியே சொல்லியிருந்தும் அங்கே வீடு கட்ட விட்டோம். லயத்தில் இருந்தவர்களுக்கு இடத்தைத் தேர்வு செய்கிற உரிமையே இல்லை என்பது எனக்கு ஆறாத கோபம்.

செட்டிநாட்டு முறையை அப்படியே மலைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. இங்கே தண்ணீர் மெதுவாக வருகிறது, ஏழு படி உயரம் போதும். அங்கே பாறையோடு வருவதை எந்தப் படியும் தடுக்காது, விலகி இருப்பதுதான் ஒரே வழி. ஆனால் வீட்டுக்கு நூல் போடுமுன் தண்ணீரின் பாதையைத் தேடுவது ரெண்டு இடத்துக்கும் பொதுதான்.

இந்தச் சீமையிலும் அது மறக்கப்பட்டு வருகிறது. மறுநாள் திரும்பும் வழியில் ரோட்டோரம் கலர்க் கொடி கட்டி, மஞ்சள் கல் நட்ட பிளாட்டுகளைப் பார்த்தேன். கண்மாய்க்குப் போகிற வரத்துக்கால் அதற்கு நடுவே வந்து, கொட்டிய கிராவலில் முட்டி நின்றது. அந்தப் பக்கம் கண்மாயில் பாதித் தண்ணீர்கூட இல்லை, இந்தப் பக்கம் ரோட்டில் முழங்கால் அளவு. மனம் பதறியது.

பஸ்ஸிலிருந்தே அம்மா மாமாவுக்குப் போன் போட்டார். "டேய், அந்த இடத்துக்கு அட்வான்ஸ் குடுத்துட்டியா?" திங்கட்கிழமை கொடுப்பதாக இருந்தாராம். "குடுக்காத. நாங்க ஞாயித்துக்கிழமை வர்றோம், ஓடையில மேல வரைக்கும் நடந்து பாக்கணும்" என்றார். என்ன பார்ப்பது என்று மாமா கேட்டதும் போனை என்னிடம் கொடுத்துவிட்டார். ஓடைக்கரை வெட்டில் வழவழ ஆற்றுக்கல் அடுக்கடுக்காக இருக்கிறதா, இல்லை சரிவு கொண்டுவந்து போட்ட மாதிரி கூர்மையான பாறையும் களிமண்ணும் கலந்து கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும், மரங்கள் சாய்ந்து வளைந்திருக்கின்றனவா, மேலே தரையில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும் என்றேன். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கடக்கால் போட ஒரு குழி தோண்டிப் பாத்தேன்டா, பூரா பாறையும் சேறுமாத்தான் வந்துச்சு" என்றார்.