மாலை ஏழரைக்கே கண் சொருகும் குடும்பங்கள்

மாலை ஏழரை மணிக்கே கண் சொருகும். அதிகாலை நாலரைக்கு முழிப்பு வந்துவிடும். இடையில் வருவது நல்ல தூக்கம்தான், குறையே இல்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இப்படிப்பட்ட மூன்று குடும்பங்களைப் பற்றி 1999-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. அப்பா அம்மாவில் ஒருவருக்கு இருந்தாலே போதும், பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வந்துவிடும். அவர்களில் ஒரு பெண்மணியை மணி தெரியாத அறையில் தங்கவைத்து அளந்தார்கள். அவர் உடலுக்கு ஒரு நாள் என்பது 23.3 மணி நேரம். சராசரி ஆளுக்கு அது 24.2 மணியை ஒட்டி இருக்கும். ஒரு மணி நேரம்கூட வித்தியாசம் இல்லை. ஆனால் தூங்கும் நேரம் நாலு மணி நேரம் முன்னே தள்ளிப்போயிருக்கிறது.

2001-இல் காரணம் பிடிபட்டது. பெர்2 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அதனால் பெர்2 புரதத்தின் 662-ஆவது இடத்தில் செரின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டியதற்குப் பதில் கிளைசின் என்ற வேறோர் அமினோ அமிலம் வந்து உட்கார்ந்திருந்தது.

இது ஏன் தூக்கத்தைப் பாதிக்கிறது என்று புரிய, செல்லுக்குள் நடக்கும் சுற்றைப் பார்க்க வேண்டும். கிளாக், பிமால்1 என்ற இரண்டு புரதங்கள் ஜோடி சேர்ந்து பெர், கிரை மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. அப்படி உண்டாகும் பெர், கிரை புரதங்கள் மெல்லச் சேர்ந்து, சில மணி நேரம் கழித்து உட்கருவுக்குள் நுழைந்து, தங்களை உண்டாக்கிய ஜோடியையே அடக்குகின்றன. பிறகு பெர் சிதைகிறது. அடக்க ஆள் இல்லாததால் ஜோடி மறுபடி வேலையைத் தொடங்குகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு நாள். பெர் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்பதுதான் இதில் சூட்சுமம். அதன் மேல் பாஸ்பேட் ஒட்டுகிற வேலை கேசீன் கைனேஸ் 1 என்ற நொதியுடையது. 662-ஆவது செரினில் ஒட்டினால் பெர்2 நிலைக்கும். வேறோர் இடத்தில் ஒட்டினால் சிதைவுக்குப் போகும். யூட்டா குடும்பத்தில் முதல் இடமே இல்லாததால் புரதம் சீக்கிரம் சிதைந்து, சுற்றும் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. 2005-இல் இன்னொரு குடும்பத்தில் அதே நோய்க்குக் காரணமாக அந்த நொதியின் மரபணுவே மாறியிருந்தது தெரியவந்தது. இந்த விளக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான சாட்சி வேண்டாம்.

நேர் எதிர்க் கோளாறும் உண்டு. 2017-இல் விவரிக்கப்பட்ட கிரை1 மாற்றத்தில், புரதத்திலிருந்து 24 அமினோ அமிலங்கள் விடுபட்டுப்போகின்றன. எஞ்சிய கிரை1, கிளாக்-பிமால்1 ஜோடியை இன்னும் அழுத்தமாக அடக்குகிறது. சுற்று நீள்கிறது, தூங்கும் நேரம் இரண்டு, இரண்டரை மணி நேரம் பின்னே தள்ளிப்போகிறது. நள்ளிரவு தாண்டியும் தூக்கம் வராதவரை வீட்டில் "சோம்பேறி" என்று திட்டுவார்கள். திட்டுவதால் கிரை1 மாறப்போவதில்லை.

இதைப் படித்துவிட்டு மரபணுப் பரிசோதனைக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். பெரும்பாலோருக்கு இப்படி ஒற்றை மரபணுக் கதை இல்லை. 2019-இல் ஏறக்குறைய 7 லட்சம் பேரின் மரபணுக்களை அலசியதில், காலைப் பறவையா இரவு ஆந்தையா என்பதோடு தொடர்புள்ள 351 இடங்கள் கிடைத்தன. அத்தனையையும் கூட்டிப் பார்த்தும், காலைப் பக்கம் சாய்ந்த 5 சதவீதத்தினரும் எதிர்க்கோடியில் உள்ள 5 சதவீதத்தினரும் தூங்கப்போகும் நேரத்தில் சராசரியாக 25 நிமிடம்தான் வித்தியாசம். அந்தப் பணத்தில் ஒரு நோட்டு வாங்கி, இரண்டு வாரம் தூங்கிய நேரத்தையும் எழுந்த நேரத்தையும் குறித்துவைத்தால் அதிகம் தெரியும். ஒன்றைக் கவனியுங்கள்: மனச்சோர்விலும் விடியுமுன் முழிப்பு வரும். அங்கே மொத்தத் தூக்கமே குறைந்திருக்கும். யூட்டா வகையில் தூக்கத்தின் அளவு குறையாது, இடம்தான் மாறும்.

செல்லுக்குள் நடக்கும் இந்தச் சுற்றுதான் உடலின் கடிகாரம். அது மூளையில் மட்டும் இல்லை; கல்லீரல், கணையம், கொழுப்பு என ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் ஓடுகிறது. தூங்குமூஞ்சி மரத்தைத் தொடர் இருட்டில் வைத்தாலும் சில நாள் இலையை மூடித் திறந்துகொண்டிருக்கும் அல்லவா, அதுபோல இவையும் தாமாகவே ஓடும். ஆனால் நேரம் திருத்த ஆள் வேண்டும். மூளையின் அடியில் சுமார் 20,000 நரம்புச் செல்கள் கொண்ட தலைமைக் கடிகாரத்தைக் கண் வழியாக வரும் வெளிச்சம் திருத்துகிறது. மற்ற உறுப்புகளுக்குச் சாப்பாட்டு நேரமும் ஒரு கட்டளை. 2017-இல் இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வில் மூன்று வேளைச் சாப்பாட்டையும் 5 மணி நேரம் தள்ளிவைத்தார்கள். இரவில் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோனின் தாளம் அசையவில்லை. கொழுப்புத் திசுவின் பெர்2 தாளம் ஒரு மணி நேரம் தள்ளிப்போனது. ரத்தச் சர்க்கரையின் தாளம் 5 மணி நேரத்துக்கும் மேலாகத் தள்ளிப்போனது. ஒரே உடம்புக்குள் மூன்று ஊர் நேரம்!

நைட் ஷிப்டில் நடப்பது இதுதான். 2009-இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 10 பேரை 28 மணி நேர நாளில் வைத்துப் பார்த்தார்கள். தூக்கமும் சாப்பாடும் உடல் கடிகாரத்தோடு 12 மணி நேரம் முரண்பட்ட கட்டத்தில், இன்சுலின் 22 சதவீதம் கூடியும் சர்க்கரை 6 சதவீதம் ஏறியது. சராசரி ரத்த அழுத்தம் 3 சதவீதம் உயர்ந்தது. சாப்பிட்ட பிறகான சர்க்கரை, போதிய தரவு கிடைத்த 8 பேரில் 3 பேருக்கு நீரிழிவுக்கு முந்திய நிலையைத் தொட்டது, அதுவும் சில நாட்களிலேயே. எலிகளில் கணையத்தின் பிமால்1-ஐ நீக்கினால் இன்சுலின் சுரப்பு கெட்டு நீரிழிவே வந்துவிடுகிறது. மெலடோனின் ஏற்பியின் மரபணுவில் பரவலாக உள்ள ஒரு மாற்றம் இருப்பவர்களுக்கு, மெலடோனின் ஏறிய பிறகு சாப்பிட்டால் சர்க்கரை மற்றவர்களைவிட அதிகம் ஏறும். இரவுச் சாப்பாட்டைத் தூங்கப்போவதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடிக்கச் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

இனி அதிகம் பேர் தவறு செய்யும் இடம்: வெளிச்சம். "காலை வெயிலில் நில்" என்ற அறிவுரை பாதிதான் சரி. உடல் வெப்பம் மிகக் குறைவாக இருக்கும் நேரம், தானாக முழிப்பு வரும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு இருக்கும். அதற்குப் பின் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னே இழுக்கும். அதற்கு முன் படுவது பின்னே தள்ளும். அதிகாலை 3 மணிக்குத் தூங்கி 11 மணிக்கு எழும் பழக்கமுள்ளவருக்கு அந்தத் திருப்புமுனை காலை 8, 9 மணி. அவர் வைராக்கியமாக 6 மணிக்கு எழுந்து வெயிலில் நடந்தால், மூளைக்கு அது நடு இரவு வெளிச்சம். கடிகாரம் இன்னும் பின்னே போகும். பத்து நாளில் "எனக்கு ஒத்துவரவில்லை" என்று விட்டுவிடுவார். அவர் செய்ய வேண்டியது: ஒன்பதரை வரை வெளியே போனால் கறுப்புக் கண்ணாடி, அதன்பின் அரை மணி நேரமாவது வெளியே. ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை எழும் நேரத்தையும் வெயில் நேரத்தையும் அரை மணி முன்னே கொண்டுவர வேண்டும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள்: வீட்டு டியூப்லைட் 100 முதல் 300 லக்ஸ். வெளியே நிழலில்கூட பல ஆயிரம் லக்ஸ். ஜன்னலுக்கு உள்ளே நின்றால் வெளிச்சம் அதைவிடக் குறைவு. யூட்டா வகைக்காரருக்கு எல்லாமே தலைகீழ்: மாலையில் பளிச்சென்ற வெளிச்சம், விடியலில் இருட்டு.

மெலடோனினிலும் இதே குளறுபடி. கடிகாரத்தை முன்னே இழுக்க 0.5 மில்லிகிராம், வழக்கமாகத் தூக்கம் வரும் நேரத்துக்கு ஐந்தாறு மணி நேரம் முன்பு. கடையில் கிடைப்பதோ 3, 5, 10 மில்லிகிராம். ஜனங்கள் விழுங்குவதோ படுக்கும்போது. மருந்து அதிகமானால் மறுநாள் காலை வரை ரத்தத்தில் தங்கி, எதிர்த் திசையில் இழுக்கலாம். ஃப்ளுவாக்சமின் என்ற மனநல மருந்து சாப்பிடுபவர்களுக்கு மெலடோனின் அளவு பல மடங்கு ஏறும், தொடக்கூடாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபாரின் சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

மற்ற மருந்துகளில் நேரம் எல்லாவற்றுக்கும் முக்கியம் என்று சொல்ல முடியாது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரையான சிம்வாஸ்டாட்டின் உடலில் சில மணி நேரம்தான் நிற்கும். கல்லீரல் கொலஸ்ட்ராலை அதிகம் தயாரிப்பது இரவில். ஆகவே அது இரவு மருந்து. அதே வகையான அடோர்வாஸ்டாட்டின் நீண்ட நேரம் நிற்பதால் எப்போது போட்டாலும் சரி. பிரஷர் மாத்திரையை இரவில் போட்டால் மாரடைப்பு குறையும் என்று பரபரப்பாகப் பேசினார்கள்; 21,000-க்கும் மேற்பட்டோரிடம் பிரிட்டனில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில் காலைக்கும் இரவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மறக்காமல் போடும் நேரமே நல்ல நேரம்.

ரத்தப் பரிசோதனைக்கும் இது பொருந்தும். இரவு வேலை முடித்துக் காலை 8 மணிக்கு லேபுக்குப் போகிறவர், நடுவில் 3 மணிக்குச் சாப்பிட்டிருப்பார். அது வெறும் வயிற்றுச் சர்க்கரை ஆகாது. காலை 8 மணிக்கான கார்ட்டிசோல் ஹார்மோனின் இயல்பான அளவும் பகலில் விழித்திருப்பவர்களை வைத்து வகுத்தது. பரிசோதனைச் சீட்டிலேயே நைட் ஷிப்ட் என்பதையும், கடைசியாகச் சாப்பிட்ட நேரம், தூங்கி எழுந்த நேரத்தையும் எழுதச் சொல்லிவிடுங்கள்.