பணம் வரும் திசை மாறியபோது

2004 சுனாமிக்குப் பிறகு கன்னியாகுமரி மாவட்டத்தின் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடிப் பக்கம் தொண்டு நிறுவனங்களில் வேலை பார்த்தவர்களுக்கு ஒன்று மறக்காது. பணத்துக்குப் பஞ்சமில்லை, அதைச் செலவழித்துக் கணக்கு முடிக்க வேண்டிய கெடுதான் எங்களை விரட்டியது. தமிழகக் கடற்கரையில் தேவைக்கு மேல் ஃபைபர் படகுகள் குவிந்தது அப்படித்தான். படகை எண்ணி அறிக்கையில் எழுதலாம். மீன் விற்கும் ஒரு பாட்டி என்னிடம் கேட்டார்: "மக்ளே, எல்லாருக்கும் வள்ளம் குடுத்தாச்சு. எனக்கு மீன் கூடையோட ஏற பஸ்சு யாரு தருவா?" அதற்கான கட்டம் எங்கள் படிவத்தில் இல்லை.

இப்போது அந்தப் படிவங்களே அபூர்வமாகிவிட்டன. 2020இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டம், பெற்ற பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கத் தடை விதித்தது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆக்கியது. பெரிய அமைப்புகளை நம்பியிருந்த சிறு குழுக்களுக்கு அது பேரிடி. பிரிட்டன் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதமாக இருந்த வெளிநாட்டு உதவியை 2021இல் 0.5 ஆக்கியது, பாதுகாப்புச் செலவுக்காக 2027க்குள் 0.3 ஆக்கப்போவதாக அறிவித்திருக்கிறது. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் 2025 ஜூலையில் செயல்பாட்டை நிறுத்தியது. பெரிய கம்பெனிகள் சட்டப்படி ஒதுக்கும் சமூகப் பொறுப்பு நிதி ஈடுகட்டும் என்கிறார்கள். ஆனால் 2013 கம்பெனிச் சட்டம், நிறுவனம் இயங்கும் பகுதிக்கே அதில் முன்னுரிமை தரச் சொல்கிறது. பெரிய ஆலைகள் அதிகமில்லாத எங்கள் மாவட்டத்துக்கு எவ்வளவு வந்துவிடும்?

இதற்காக நான் அழப்போவதில்லை. இந்தக் கரையைத் தாங்கிய பணம் பெரும்பாலும் வேறு வழியில் வந்தது. வளைகுடாவில் கட்டட வேலை பார்ப்பவரும், ஈரானிலும் பஹ்ரைனிலும் அந்நிய முதலாளியின் படகில் மீன் பிடிப்பவரும் அனுப்பியதில்தான் இங்கே வீடு எழும்பியது, பிள்ளைகள் எஞ்சினியரிங் படித்தார்கள். உலக அளவிலும் இப்படி வீட்டுக்கு அனுப்பும் பணம் அரசுகளின் உதவித்தொகையைவிடப் பல மடங்கு அதிகம். ஆனாலும் வளர்ச்சியியல் மாணவர்கள் கேள்வித்தாளோடு வரும்போது முதலில் கேட்பது, "எந்தத் திட்டத்தால் பயனடைந்தீர்கள்?"

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வீசியபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக்காரர்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. திரும்பாதவர்களின் பெயர்களை வீடுவீடாகச் சேகரித்தவை ஊர்க் கமிட்டிகளும் தேவாலயப் பங்குகளும். அந்தப் பட்டியல்களைத்தான் மாணவர்கள் முதலில் படிக்க வேண்டும் என்பேன். பிறகு நகைக்கடன் கடையில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து, படகுக்கு டீசல் போட எந்த வீட்டுச் சங்கிலி வருகிறது, அது எப்போது மீட்கப்படுகிறது என்று பார்க்கட்டும். கேள்வித்தாளை அதற்குப் பிறகு எழுதலாம். எழுதும்போது அந்த மீன்காரப் பாட்டியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும்.