போன் தொலைந்தால் முதலில் சிம்மை நிறுத்தாதீர்கள்

மணலி, எண்ணூர் பக்கத்துக் கண்டெய்னர் யார்டுகளில் கேட்டில் நிற்பவர் கையில் இப்போது நோட்டு இல்லை, ஆண்ட்ராய்டு போன். கண்டெய்னர் எண், சீல், நசுங்கிய இடம் எல்லாம் அதில்தான் படமாகிறது. அப்படி 40 போன்களை எம்டிஎம்மில் (போன்களைத் தூரத்திலிருந்தே நிர்வகிக்கும் மென்பொருள்) சேர்த்தபோது எங்கெங்கே மாட்டியது என்பதுதான் இது.

கம்பெனி போனை முழுக் கட்டுப்பாட்டில் எடுக்க ஃபேக்டரி ரீசெட் செய்தே ஆக வேண்டும். அதன்பின் வரும் முதல் வரவேற்புத் திரையில் ஒரே இடத்தில் 6 முறை தட்டினால் க்யூஆர் ஸ்கேனர் திறக்கும். எம்டிஎம் கன்சோலில் (நிர்வாகத் திரை) உள்ள க்யூஆர் கோடைக் காட்டி, வைஃபை கொடுத்தால் மீதி தானாக இறங்கும். 4 போன்கள் இதற்கு முன்னாலேயே நின்றுவிட்டன. யாரோ சொந்த ஜிமெயிலைப் போட்டு வைத்திருந்தார்கள். அதை நீக்காமல் வால்யூம் பட்டன் அழுத்தி ரீசெட் செய்ததால் பழைய கணக்கின் பாஸ்வேர்டு கேட்டது. அந்த ஆள் வேலையை விட்டுப் போயிருந்தால், பில்லோடு சர்வீஸ் சென்டருக்கு அலைய வேண்டியதுதான். முதலில் கணக்கை நீக்குங்கள், பிறகு செட்டிங்ஸ் வழியாக ரீசெட்.

அடுத்தது ஆபீஸ் வைஃபை. பதிவு சரியாக நடந்தது, ஆனால் பூட்டு ஆணை கொடுத்தால் கன்சோலில் 'பெண்டிங்' என்றே கிடந்தது. மொபைல் டேட்டாவுக்கு மாற்றிய நொடியில் பூட்டிக்கொண்டது. ஆபீஸ் நெட்வொர்க்கை வடிகட்டும் ஃபயர்வாலில் டிசிபி 5228, 5229, 5230 போர்ட்டுகள் அடைபட்டிருந்தன. ஆணை வந்திருப்பதைப் போனுக்குச் சொல்லும் கூகுளின் புஷ் செய்தி பெரும்பாலும் 5228 வழியாகத்தான் வரும்.

பின் நம்பர் 6 இலக்கம். பத்து முறை தப்பாகப் போட்டால் அழியும்படி வைத்தோம்; ஷிஃப்ட் மாறி வந்தவர் பழைய பின்னையே போட்டுப் போட்டு ஒரு போனைக் காலி செய்தார். இரண்டு ஷிஃப்ட்டுக்கும் ஒரே போன் என்றால் இந்த அமைப்பு வேண்டாம்.

இனி தொலைவது. எக்ஸ்பிரஸ் ரோட்டு டீக்கடை பெஞ்சிலோ லாரி கேபினிலோ போனை விட்டுவிட்டால், எல்லோரும் முதலில் செய்வது சிம்மை பிளாக் செய்வது. அங்கேதான் தப்பு. அழிக்கும் ஆணை போக வேண்டிய வழியே அந்த சிம்தான். டேட்டா செத்தால் ஆணை கன்சோலிலேயே கிடக்கும். அதனால் முதலில் ரிமோட்டில் பூட்டுங்கள், இருப்பிடம் பாருங்கள், ஆள் அனுப்பித் தேடுங்கள். கிடைக்காது என்று தெரிந்ததும் வைப், அதாவது போனில் உள்ளதை முழுக்க அழிப்பது. கன்சோலில் 'வைப் முடிந்தது' என்று வந்த பிறகே டூப்ளிகேட் சிம். போன் அணைந்து கிடந்தால் காத்திருப்பதில் பயனில்லை. அப்போது காப்பது அந்த 6 இலக்கப் பின்னும் போனுக்குள் தகவலைப் படிக்க முடியாதபடி மாற்றி வைக்கும் என்கிரிப்ஷனும்தான்.

ஐஎம்இஐ (போனின் தனி அடையாள எண்) தடை கடைசியில். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாதி தளத்தில் போலீஸ் புகார் நகல், பில், ஐஎம்இஐ கேட்கும். ஓடிபி வர டூப்ளிகேட் சிம் கையில் இருக்க வேண்டும். அங்கே தரும் ரிக்வெஸ்ட் ஐடியைப் போன் பட்டியலிலேயே எழுதி வையுங்கள். போன் திரும்பக் கிடைத்தால் தடையை எடுக்க அதைத்தான் கேட்பார்கள்.