பாத்ரூமில் எதைப் பிடிப்பார்கள்?

வயதானவர்கள் இருக்கும் வீட்டில் முதலில் சரிசெய்ய வேண்டியது பாத்ரூம்தான். ஈரத்தில் கால் வழுக்கினால் கை தானாகத் துண்டு போடும் கம்பிக்குத்தான் போகும். அது ஆள் எடையைத் தாங்காது. ஸ்க்ரூவோடு பெயர்ந்து வரும்.

அதனால் பிடித்துக்கொள்ளவென்றே தனியாகக் கைப்பிடிக் கம்பி பொருத்துங்கள்: 32 முதல் 40 மி.மீ. கனம், தரையிலிருந்து சுமார் 80 செ.மீ. உயரம். சுவருக்கும் கம்பிக்கும் 40 மி.மீ. இடைவெளி போதும், அதிகமானால் கை உள்ளே நழுவி மாட்டிக்கொள்ளும். ஸ்க்ரூ டைல்ஸையும் பூச்சையும் தாண்டிச் செங்கல்லுக்குள் இறங்கணும். ஹாலோ பிளாக் (உள்ளே வெற்றிடம் உள்ள கல்) சுவரில், ஸ்க்ரூவுக்காகத் துளைக்குள் செருகும் சாதாரண பிளக் சும்மா சுற்றும், அதற்கென உள்ள, உள்ளே இறுகிப் பிடிக்கும் ஆங்கரைக் கேட்டு வாங்குங்கள்.

கதவு? கட்டாயம் வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே விழுந்தவர் கதவை ஒட்டிக் கிடந்தால் தள்ளித் திறக்கவே முடியாது. தாழ்ப்பாளும் வெளியிலிருந்து நாணயத்தால் திருகித் திறக்கிற வகையாக இருக்கட்டும்.