பட்டன் பட்டனாய்க் கருநீலம்

கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மா, தோளில் கைக்குழந்தை.

அதன் கன்னத்தில் பிறவியிலேயே வந்த சிவப்பு மச்சத்தின் மேல் சட்டைப் பட்டன் அளவில் கருநீல வட்டங்கள். "சூடு வெச்சாங்களா?" பக்கத்துப் பாட்டி பதறினார்.

சூடில்லை பாட்டி, பல்ஸ்டு டை லேசர்; சிவப்பு மச்சத்தை மங்கவைக்கும் ஒளிச் சிகிச்சை.

595 நானோமீட்டர் மஞ்சள் ஒளியை ரத்தத்தின் ஹீமோகுளோபின் உறிஞ்ச, மச்சத்தைச் சிவப்பாக்கும் ரத்த நுண்குழாய் சூடாகி மூடிக்கொள்ளும். கருநீலம் 7 முதல் 14 நாளில் மறையும். தேய்க்காமல் விட்டால் போதும்.

நம் மாநிறத்தில்தான் சிக்கல். தோலின் நிறமியான மெலனினும் அதே ஒளியைக் குடிக்கும். குளிர்விக்காமல் சக்தியைக் கூட்டினால் கொப்புளம், பிறகு தோலில் நிறத் திட்டு. வெயிலில் கறுத்த முகம் என்றால் தள்ளிப்போடுவதே மேல்.

மச்சம் ஒரே தடவையில் போகாது, பல அமர்வு வேண்டும்.

மச்சம் நெற்றியிலோ இமையிலோ இருந்தால் கண்ணுக்குள்ளும் அழுத்தம் ஏறியிருக்கலாம், முதலில் அதைப் பாருங்கள். லேசர் காத்திருக்கலாம், கண் காத்திருக்காது.