ரீலைப் பிரித்த ராத்திரி

கடல் தண்ணீரில் நன்றாக அடிபட்ட பெய்ட்காஸ்டிங் ரீலை, அதாவது மீன்பிடித் தூண்டில் கம்பில் நரம்பைச் சுற்றும் கருவியை, நேற்று ராத்திரி முழுசாகப் பிரித்தேன். கைப்பிடியைச் சுற்றினால் மணல் அரைபடுவது போல ஒரு நறநறப்பு.

முதலில் ஸ்பூல், தூண்டில் நரம்பு சுற்றியிருக்கும் உருளை. அதன் பேரிங்கைச் சுண்டினால் ஒரு சுற்றுகூட ஓடவில்லை, பழைய எண்ணெய் பிசினாகியிருந்தது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் ஊறப்போட்டு, காயவைத்து, மெல்லிய எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டேன். இப்போது சுண்டினால் நிற்க மனமில்லாமல் ஓடுகிறது. பார்க்க அவ்வளவு சந்தோஷம்! இங்கே மட்டும் கிரீஸ் வைத்துவிடாதீர்கள், வீசும் தூரம் குறைந்துவிடும். கிரீஸ் பெரிய கியருக்கும் அதோடு சேரும் சின்ன கியரான பினியனுக்கும்தான், அதுவும் மெலிதாக. கைப்பிடி பின்னால் சுழலாமல் தடுக்கும் ஒருவழி பேரிங்கில் கிரீஸ் பட்டால் பிடிமானம் வழுக்கும்.

சரி, நறநறப்பு எங்கே? கியரில் இல்லை. நரம்பை ஸ்பூலில் சீராகப் பரப்பும் திருகுத் தண்டில். குறுக்கும் நெடுக்குமாக ஓடும் அதன் பள்ளங்களில் மணலும் அழுக்கும் கறுப்பாக அப்பியிருந்தன. பழைய பல் பிரஷால் தேய்த்தேன். பள்ளத்துக்குள் ஓடும் சின்ன உலோக நாக்கின் முனை ஒரு பக்கம் மழுங்கியிருக்கிறது, அதை மாற்றியே ஆகவேண்டும்.

மீன் பலமாக இழுக்கும்போது நரம்பை அளவோடு விட்டுக்கொடுக்கும் ட்ராக் (drag) வாஷர்களைத் துடைத்ததோடு சரி.

பித்தளை கியரின் பற்கள் இன்னும் கூர்மை. ரீலின் சட்டத்தில் ஆட்டமில்லை. பக்கத் தகடு மட்டும் லேசாக அசைகிறது. என்னைக் கேட்டால் இது நல்ல ரீல், இன்னும் பல வருஷம் உழைக்கும்.

பிரிப்பவர்கள் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் வரிசையிலேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். க்ளட்ச் ஸ்பிரிங் துள்ளி ஓடும், ஒரு துணியை விரித்து அதன் மேல் வேலை செய்யுங்கள்.